டைனமோ சுருதி

எழுபதுகளில் ஏ.ஈ.மனோகரனின் பொப் பாடல்கள் எங்கள் ஊர்களிலெல்லாம் கிற்றார் ஆசையை விதைத்திருந்தன. அவரைப்போல் மேடையேறுவதே என் கனவு. பத்திரிகைத் தொழில் பிறகு வந்த சமரசம்.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது பொருளாதாரத் தடையும் வந்தது. பற்றரிக்கும் தடை. கிளிநொச்சியில் நாங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ மின்சாரத்தில் கசற் கேட்டோம். மிதியைச் சுழற்றுபவர் என் நண்பர். அவர் கை சோர்ந்தால் பாட்டும் சோரும், சுருதி இறங்கும். அந்தச் சுருதிக்கே என் கிற்றாரைச் சேர்த்தேன். தந்தி அறுந்தால் பிரேக் கம்பியின் ஓர் இழை. அது விரலையும் அறுக்கும்.

1996 செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. இடம்பெயர்ந்த வழியில், உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டை சரிந்து கிற்றாரின் கழுத்து முறிந்தது. தச்சர் ஒருவர் பாலைமரத் துண்டு வைத்துப் பொருத்தித் தந்தார்.

2002இல் ஏ9 வீதி திறந்ததும் வவுனியாவில் தந்தியும் பற்றரியும் வாங்கினேன். பழைய கசற்றை ஓடவிட்டு உடன் வாசித்தால், பாட்டு எங்கோ மேலே போகிறது! இத்தனை காலமும் நான் பயின்றது நண்பரின் களைப்பை. சொல்லிச் சிரிக்க அவர் இல்லை. 1999இல் எறிகணை கொண்டுபோயிற்று.

2008இன் பிற்பகுதியில் மறுபடியும் புறப்பட்டபோது கிற்றாரை வீட்டு வளையில் தொங்கவிட்டேன். 2010இல் திரும்பினேன். வளையுமில்லை, கூரையுமில்லை.