நம்மூருக்கு எத்தனை மந்திரி? தமிழக அமைச்சரவை உருவாவது எப்படி, நீக்குவது யார்? – முழு விளக்கம்

தேர்தல் முடிவு வந்த அன்றைக்கே மதுரை டீக்கடைகளில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும். "என்னண்ணே, இந்தத் தடவை நம்மூருக்கு எத்தனை மந்திரி?"

மதுரை மாவட்டத்தில் 10 தொகுதிகள். ஆளுங்கட்சியில் ஜெயித்த ஒவ்வொருவர் பெயரும் அடிபடும். சில நாளில் சென்னையிலிருந்து பட்டியல் வரும். பெயர் இருந்தால் பட்டாசு, இல்லாவிட்டால் "நம்ம மாவட்டத்தைப் புறக்கணிச்சுட்டாங்க" என்ற புலம்பல்.

அந்தப் பட்டியலைப் போடுவது யார்? மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டா? அமைச்சரை யார் நீக்க முடியும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 5 விஷயங்கள்

• முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார். மற்ற அமைச்சர்களை முதலமைச்சர் சொல்ல, ஆளுநர் நியமிப்பார்.
• தமிழ்நாட்டில் முதலமைச்சரையும் சேர்த்து அதிகபட்சம் 35 பேர்.
• மாவட்டத்துக்கு இத்தனை என்ற ஒதுக்கீடு எதுவும் சட்டத்தில் கிடையாது.
• எம்.எல்.ஏ. ஆகாதவரும் அமைச்சர் ஆகலாம். ஆனால் 6 மாத கெடு உண்டு.
• மொத்த அமைச்சரவையும் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் படி: முதலமைச்சர் யார்?

234 பேர் கொண்ட சட்டமன்றத்தில் பெரும்பான்மைக்கு 118 பேர் தேவை. அந்த எண்ணிக்கை தெளிவாக இருந்தால் ஆளுநருக்கு வேலை சுலபம். 2021-ஐ எடுத்துக்கொள்வோம். மே 2-ல் முடிவு வந்தது. தி.மு.க. மட்டுமே 133 இடங்களில் ஜெயித்திருந்தது. மே 4-ல் எம்.எல்.ஏ.க்கள் கூடி மு.க.ஸ்டாலினைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் அவர் ஆளுநரைச் சந்தித்து ஆட்சி அமைக்க உரிமை கோரினார். மே 7-ல் பதவியேற்பு. ஐந்தே நாளில் எல்லாம் முடிந்தது.

யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை என்றால்? 2006-ல் தி.மு.க.வுக்கு 96 இடங்கள்தான். காங்கிரஸ் உள்ளிட்ட கட்சிகள் வெளியிலிருந்து ஆதரவு தந்ததால் கருணாநிதி முதலமைச்சர் ஆனார். அதாவது ஒரு கட்சிக்கு எத்தனை இடம் என்பதைவிட, சட்டமன்றத்தில் எத்தனை பேர் ஆதரவு என்பதே முக்கியம்.

பட்டியல் முதல்வருடையது, கையெழுத்து ஆளுநருடையது

அரசமைப்புச் சட்டத்தின் 164-வது பிரிவு இதைச் சொல்கிறது. அமைச்சர்களை நியமிப்பது ஆளுநர்தான். ஆனால் அது முதலமைச்சரின் ஆலோசனைப்படி. யார் வேண்டும், யார் வேண்டாம் என்று ஆளுநர் தானாகப் பொறுக்கி எடுக்க முடியாது.

இதில் சிக்கல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 மார்ச் மாதமே சாட்சி. சொத்து வழக்கில் தண்டிக்கப்பட்டதால் பதவி இழந்திருந்தார் பொன்முடி. அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அவரை மீண்டும் அமைச்சராக்க முதலமைச்சர் பரிந்துரைத்தார். ஆளுநர் ஆர்.என்.ரவி மறுத்துவிட்டார். அரசு உச்ச நீதிமன்றம் போனது. மார்ச் 21-ல் நீதிபதிகள் ஆளுநரின் போக்கைக் கடுமையாகக் கண்டித்தார்கள். மறுநாளே பொன்முடிக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கப்பட்டது.

அமைச்சராகிறவர் எடுக்கும் உறுதிமொழி இரண்டு. ஒன்று பதவிக்கு. இன்னொன்று ரகசியக் காப்புக்கு. அமைச்சரவைக்குள் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பதற்குத்தான் இரண்டாவது.

35 என்ற கணக்கு எங்கிருந்து வருது?

ஒரு காலத்தில் உச்ச வரம்பே கிடையாது. காமராஜர் 1954-ல் அமைத்த அமைச்சரவையில் அவரையும் சேர்த்து 8 பேர்தான். அதற்கு நேர்மாறாக, 1997-ல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அமைச்சரவை 90 பேரைத் தாண்டியது. ஆதரவு தந்தவர்களுக்கெல்லாம் பதவி கொடுத்ததன் விளைவு அது.

இதற்குக் கடிவாளம் போட்டது 2003-ம் ஆண்டின் 91-வது அரசமைப்புச் சட்டத் திருத்தம். சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. சின்ன மாநிலங்களுக்குக் குறைந்தபட்சம் 12. தமிழ்நாட்டில் 234-ல் 15 சதவீதம் என்றால் 35.1. அதனால் 35.

2021-ல் பதவியேற்றது முதலமைச்சருடன் சேர்த்து 34 பேர். 2022 டிசம்பரில் உதயநிதி ஸ்டாலின் சேர்ந்ததும் கணக்கு 35 ஆகி நிரம்பிவிட்டது. அதன்பிறகு 2023 மே மாதம் டி.ஆர்.பி.ராஜா உள்ளே வர, நாசர் வெளியே போக வேண்டியிருந்தது. 'ஒருவரைச் சேர்த்தால் ஒருவரை நீக்கணும்' என்ற நிலைக்குக் காரணம் இந்த வரம்புதான்.

துணை முதலமைச்சர்? அப்படி ஒரு பதவி அரசமைப்புச் சட்டத்தில் தனியாக இல்லை. சட்டத்தின் பார்வையில் அவரும் ஓர் அமைச்சர்தான்.

மதுரைக்கு ஒதுக்கீடு உண்டா?

இல்லை. மாவட்டம், சமூகம், கட்சியில் சீனியாரிட்டி என்று முதலமைச்சர் பல கணக்குகள் பார்ப்பார். அதெல்லாம் அரசியல் வழக்கம், சட்டம் அல்ல.

2021 தேர்தலில் மதுரை மாவட்டத்தின் 10 தொகுதிகளில் தி.மு.க. கூட்டணிக்கு 5, அ.தி.மு.க.வுக்கு 5. ஆளும் தரப்பில் இருந்து இரண்டு பேர் அமைச்சர் ஆனார்கள். மதுரை மத்தியில் ஜெயித்த பழனிவேல் தியாகராஜனுக்கு நிதி. மதுரை கிழக்கில் ஜெயித்த பி.மூர்த்திக்கு வணிக வரி மற்றும் பதிவுத் துறை. அதற்கு முந்தைய அ.தி.மு.க. ஆட்சியிலும் மதுரைக்கு இரண்டு பேர் இருந்தார்கள். செல்லூர் ராஜுவிடம் கூட்டுறவு, ஆர்.பி.உதயகுமாரிடம் வருவாய்த் துறை.

இலாகாவை மாற்றுவதும் முதலமைச்சர் கையில்தான். 2023 மே மாதம் பழனிவேல் தியாகராஜனிடம் இருந்த நிதித் துறை தங்கம் தென்னரசுவுக்குப் போனது. தியாகராஜனுக்குத் தகவல் தொழில்நுட்பத் துறை வந்தது. இப்படி இலாகா மட்டும் மாறினால் மறுபடி பதவிப் பிரமாணம் தேவையில்லை.

எம்.எல்.ஏ. ஆகாமலே மந்திரி ஆகலாமா?

ஆகலாம். ஆனால் 6 மாதத்துக்குள் ஜெயித்து சட்டமன்றத்துக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் பதவி தானாகப் போய்விடும். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானபோது எம்.எல்.ஏ. இல்லை, எம்.பி. பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார்.

ஆனால் தேர்தலில் நிற்கவே தகுதி இழந்தவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. 2001-ல் டான்சி வழக்குத் தண்டனையால் ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. ஆனாலும் கட்சி ஜெயித்ததால் மே 14-ல் முதலமைச்சராகப் பதவியேற்றார். செப்டம்பர் 21-ல் அந்த நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதுரைக்குப் பக்கத்திலுள்ள பெரியகுளத்தின் எம்.எல்.ஏ. ஓ.பன்னீர்செல்வம் முதன்முறை முதலமைச்சரானது அப்போதுதான்.

கோட்டையில் வேலை எப்படி நடக்குது?

பெரும்பாலான முடிவுகள் கோப்பில்தான் நடக்கும். கீழே இருக்கும் பிரிவில் தொடங்கி, துறைச் செயலாளர் வழியாக அமைச்சருக்கு வரும். செலவு சம்பந்தப்பட்டது என்றால் நிதித் துறையின் ஒப்புதலும் வேண்டும். முக்கியமானவை முதலமைச்சர் வரை போகும். எந்தக் கோப்பு யார் வரை போகணும் என்பதற்கு அலுவல் விதிகள் இருக்கின்றன.

சட்ட மசோதா, புதிய கொள்கை, பெரிய தொழில் திட்டங்கள் போன்றவை அமைச்சரவைக் கூட்டத்துக்கு வரும். தலைமை வகிப்பவர் முதலமைச்சர்.

அரசாணையின் கடைசிப் பக்கத்தை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? '(ஆளுநரின் ஆணைப்படி)' என்று போட்டு, கீழே துறைச் செயலாளர் பெயர் இருக்கும். முடிவெடுத்த அமைச்சரின் பெயர் அங்கே இருக்காது. பெயரளவில் எல்லா ஆணையும் ஆளுநருடையது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அமைச்சரவை.

ஆளுநரே நிஜமாக ஆண்ட காலமும் இருந்தது. 1920-களில் சென்னை மாகாணத்தில் அமைச்சர்களுக்குக் கல்வி, சுகாதாரம் போன்ற சில துறைகள்தான். நிதியும் போலீசும் ஆளுநர் தரப்பிடமே இருந்தன. அந்த இரட்டை ஆட்சி முறையின் கடைசிக் கட்டத்தில், 1936-ல் சில மாதங்கள் முதன்மை அமைச்சராக இருந்தவர் பி.டி.ராஜன். பழனிவேல் தியாகராஜனின் தாத்தா. தாத்தா காலத்தில் அமைச்சர்களிடம் இல்லாத நிதித் துறைதான் பேரனிடம் இரண்டு வருடம் இருந்தது.

ஒருவர் முடிவு, எல்லோருக்கும் பொறுப்பு

அமைச்சரவை கூட்டாகச் சட்டமன்றத்துக்குப் பொறுப்பு. உள்ளே எப்படி வேண்டுமானாலும் வாதம் செய்யலாம். முடிவெடுத்த பிறகு வெளியே வந்து 'எனக்கு இதில் உடன்பாடு இல்லை' என்று ஓர் அமைச்சர் சொல்ல முடியாது. சொல்லணும் என்றால் ராஜினாமா செய்ய வேண்டும். நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றால் ஒருவர் அல்ல, அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலமைச்சர் ராஜினாமா செய்தாலும் அதே கதைதான்.

அமைச்சரை யார் நீக்க முடியும்?

ஆளுநர் விரும்பும் வரை அமைச்சர்கள் பதவியில் இருப்பார்கள் என்று சட்டம் சொல்கிறது. படிக்கும்போது முழு அதிகாரமும் ஆளுநரிடம் இருப்பது போலத் தெரியும். நடைமுறையில் அந்த விருப்பமும் முதலமைச்சரின் ஆலோசனைப்படிதான். 2023 ஜூன் 29-ல், கைதாகியிருந்த செந்தில் பாலாஜியை நீக்கி ஆளுநர் தானாகவே உத்தரவு போட்டார். சில மணி நேரத்திலேயே அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

மொத்த அமைச்சரவையையும் கலைத்த கதையும் உண்டு. அதில் மதுரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1980 பிப்ரவரி 17. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தும் எம்.ஜி.ஆர். அரசை 356-வது பிரிவின் கீழ் மத்திய அரசு கலைத்தது. மே மாதம் தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். இந்த முறை நின்றது மதுரை மேற்கில். ஜெயித்தார், ஜூன் 9-ல் மீண்டும் முதலமைச்சர் ஆனார். டெல்லி கலைத்த ஆட்சியை மக்கள் ஓட்டு நான்கே மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்தது.

1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வரம்பு போட்டது. ஓர் அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல.

சரி, மந்திரி இருந்தா நமக்கு என்ன லாபம்?

அமைச்சர் என்பவர் ஒரு துறைக்கு அமைச்சர், ஒரு ஊருக்கு அல்ல. பதிவுத் துறை அமைச்சர் மதுரைக்காரராக இருந்தாலும், பத்திரப் பதிவுக் கட்டணம் மதுரைக்கும் ஓசூருக்கும் ஒன்றுதான். மாவட்டங்களுக்கு நியமிக்கப்படும் 'பொறுப்பு அமைச்சர்' என்பதும் அரசின் நிர்வாக ஏற்பாடு. அரசமைப்புச் சட்டத்தில் அது இல்லை.

முதலமைச்சரிடம் நேரில் பேசும் வாய்ப்பு, அதிகாரிகளிடம் செல்வாக்கு எல்லாம் அமைச்சருக்கு உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் உங்கள் எம்.எல்.ஏ. அமைச்சர் இல்லை என்பதால் உங்கள் தொகுதிக்கு வாய் இல்லை என்று அர்த்தம் கிடையாது. கேள்வி நேரத்தில் எந்தத் துறை அமைச்சரையும் அவர் கேட்கலாம். மானியக் கோரிக்கை விவாதத்தில் தொகுதிப் பிரச்சினையைப் பேசலாம். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்கும் இதே உரிமை உண்டு. அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அவைக் குறிப்பில் பதிவாகும்.

அதனால் அடுத்த தடவை "நம்மூருக்கு எத்தனை மந்திரி" என்று யாராவது கேட்டால், கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: "நம்ம எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் எத்தனை கேள்வி கேட்டார்?" முதல் கேள்விக்கான பதில் முதலமைச்சர் கையில். இரண்டாவது கேள்வியைக் கேட்கும் உரிமை ஓட்டுப் போட்ட உங்கள் கையில்.