ஆடமாட்டேன் என்னும் உரிமை

எசல பெரஹராவைக் காண நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குச் செல்லும் கூட்டத்தில் நாமும் பன்முறை இருந்திருக்கிறோம். தீப்பந்த ஒளியில் வெஸ் தலையணி மின்ன ஆடிவரும் கலைஞரைக் கண்டு வியவாதார் இல்லை. ஆனால், "இன்றிரவு ஆட உமக்குச் சம்மதமா?" என்று அவருடைய முன்னோரை எவரேனும் கேட்டதுண்டா?

கண்டி இராச்சியத்தில் அப்படியொரு கேள்விக்கே இடமிருக்கவில்லை. தலதா மாளிகைக்கும் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களுக்கும் உரிய நிலங்களை உழுது உண்டவர்கள், அதற்கு ஈடாக ஊழியம் செய்தாக வேண்டும். பெரவா சாதியினரின் பங்கு, முழவு கொட்டுவதும் ஆடுவதும். நடனமே அங்கே குத்தகை. ஆட மறுப்பவன் வயலையன்றோ இழக்க நேரும்!

கோல்புறூக் விசாரணையின் பயனாக 1832இல் ஆங்கிலேயர் இராஜகாரியத்தை ஒழித்தனர். இதைக் கருணை என்று கொள்வதற்கில்லை. வளரும் முதலாளித்துவத்துக்குக் கட்டற்ற கூலியுழைப்பு வேண்டியிருந்தது. கோயில் நிலங்களின் ஊழியத்தை அவர்கள் தொடவுமில்லை. 1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமே, பரவேணி நிலத்தை வழிவழியாக அனுபவித்தவர் ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்தலாம் என வழிசெய்தது. மறுப்புக்கு முதன்முறையாக ஒரு விலை குறிக்கப்பட்டது. விலையேயாயினும், வாய்திறந்து மறுக்க அது இடம் தந்தது. கையில் காசில்லாதவனுக்கு அந்த இடமும் இல்லை என்பது வேறு கதை.

இதே நிலத்தளை தமிழகத்துக் கோயில்களிலும் இருந்தது. அங்கே கட்டுண்டவர்கள் பெண்கள். அவர்களது கலையோடு உடலின்மீதும் பிறர் உரிமை கொண்டாடினர். தேவதாசி ஊழியத்தைக் கைவிட்டால் மானிய நிலம் போய்விடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் வந்த திருத்தச் சட்டம் அந்த நிலத்தை ஊழியத்தினின்று விடுவித்தது. பெண்களைப் பொட்டுக்கட்டுவதையே தடைசெய்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பலரும் புகழ்வர். நமக்கோ 1929ஆம் ஆண்டுச் சட்டமே பெரிதாகத் தோன்றுகிறது. சோற்றுக்கு வழியின்றி மறுக்கும் உரிமை எதற்கு உதவும்? இன்னொன்றையும் மறைத்தலாகாது. தங்கள் குரலைக் கேளாமல் தங்களுக்காகச் சட்டம் செய்வதா என்று சென்னைத் தேவதாசிகள் சங்கம் அமைத்து அக்காலத்திலேயே முறையிட்டனர். அவர்களது நிலைப்பாட்டை நாம் ஏற்கவில்லை; இசைவேளாளர் குடும்பத்தில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரே அம்முறையைச் சாடி 1936இல் நாவல் எழுதினார். எனினும், கேட்கப்பட வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை நியாயமானதே.

நமது மலைநாட்டுக்கு வருவோம். விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்குத் தொழிலாளரை அழைத்தது தப்பு. மாரியம்மன் திருவிழாவிலும், காமன் கூத்திலும், இழவு வீட்டிலும் அதே தப்புத்தான். அதை அடிப்பவன் இன்ன குடும்பத்தான் என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. கடனைக் குறித்த 'துண்டு' இன்றி ஒரு தொழிலாளி வேறு தோட்டம் போக இயலாத நிலை 1921வரை சட்டத்தின் துணையோடு நீடித்தது. இடத்தை விட்டே போக முடியாதவன், பறையைக் கீழே வைப்பது எங்ஙனம்? துண்டு ஒழிந்தது. தப்புக்காரனைக் கேளாமலே அழைக்கும் வழக்கமோ அதனுடன் ஒழியவில்லை.

நாமும் இதற்கு விலக்கல்லர். பாடசாலை விழாவொன்றில் விருந்தினரை வாயிலில் வரவேற்கத் தப்பு வேண்டுமென்று தீர்மானித்தோம். தப்படிக்கும் குடும்பத்து மாணவன் ஒருவனிடம், கேள்வியாக அன்றி, ஏவலாகவே அதைச் சொன்னோம். அவன் சற்று நேரம் தரையைப் பார்த்து நின்றான்.

"வாசல்ல நின்னு அடிக்க மாட்டேன் சேர்" என்றான். "மேடையில்னா அடிக்கிறேன். எல்லாரும் ஒக்காந்து கேக்கணும்."

நிகழ்ச்சி நிரலை வாங்கி, நான்காம் நிகழ்ச்சியாக அவனது பெயரை எழுதினோம்.