கடன் மதிப்பெண்

கடன் மதிப்பெண் என்பது, ஒருவர் தாம் வாங்கும் கடனை உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவதற்கான வாய்ப்பை மூன்று இலக்க எண்ணால் குறிக்கும் அளவீடு ஆகும். இந்தியாவில் இது 300 முதல் 900 வரை அமைகின்றது. எண் உயர உயர, கடன் தவறும் வாய்ப்பு குறைவு எனக் கொள்ளப்படுகின்றது. பேச்சு வழக்கில் இது சிபில் ஸ்கோர் எனப்படுகின்றது.

இம்மதிப்பெண் ஒருவரது வருமானத்தையோ சொத்தையோ அளப்பதில்லை. பதிவு செய்யப்பட்ட கடன்களை அவர் பல ஆண்டுகளாகக் கையாண்ட விதத்தையே அளக்கின்றது. பொதுவாக 750க்கு மேற்பட்ட மதிப்பெண் நல்லதாகவும், 800ஐத் தாண்டியது மிகச் சிறந்ததாகவும் கருதப்படுகின்றது. எனினும் சட்டம் எந்த எல்லையையும் வகுக்கவில்லை. ஒவ்வொரு வங்கியும் தனக்குரிய எல்லையைத் தானே முடிவு செய்கின்றது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் பில் ஃபேர், ஏர்ல் ஐசக் ஆகிய இருவரும் 1956ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம், கடன் பெறுவோரைப் புள்ளியியல் முறையில் மதிப்பிடுவதில் முன்னோடியாக விளங்கியது. ஃபைக்கோ எனப்படும் அதன் பொது மதிப்பெண் 1989இல் அறிமுகமானது. அதன் வீச்சு 300 முதல் 850 வரை ஆகும்.

இந்தியாவில், இந்திய ரிசர்வ் வங்கி அமைத்த சித்திக்கி குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2000ஆம் ஆண்டு சிபில் நிறுவனம் தோன்றியது. கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வங்கிகளின் பயன்பாட்டிற்காக 2007இல் வெளியான மதிப்பெண், 2011 முதல் தனிநபர்களுக்கும் கிடைத்தது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நிறுவனங்களும் உரிமம் பெற்றன. நான்கு நிறுவனங்களும் தத்தம் முறையில் கணிப்பதால், ஒருவருக்கே நான்கு வேறுபட்ட மதிப்பெண்கள் இருக்கலாம்.

மதிப்பெண் உருவாகும் முறை

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தம் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் கடன் நிலவரத்தையும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. கடனின் வகை, தொகை, நிலுவை, தவணை எத்தனை நாள் தாமதமானது ஆகிய விவரங்கள் அதில் அடங்கும். கணிப்பு முறையின் முழு விவரங்களை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. ஆயினும் கணக்கில் கொள்ளப்படும் கூறுகள் அறியப்பட்டவையே. ஃபைக்கோ முறையில் அவற்றின் பங்கு பின்வருமாறு:

- தவணை செலுத்திய வரலாறு - 35 விழுக்காடு
- நிலுவையில் உள்ள கடன் அளவு - 30 விழுக்காடு
- கடன் வரலாற்றின் நீளம் - 15 விழுக்காடு
- புதிய கடன்கள் - 10 விழுக்காடு
- கடன் வகைகளின் கலப்பு - 10 விழுக்காடு

இந்திய நிறுவனங்களின் விழுக்காடுகள் வேறாயினும், தவறாமல் செலுத்திய வரலாறே அவற்றிலும் முதன்மையானது.

மிகச் சிறந்த மதிப்பெண்ணுக்குத் தேவையானவை

காலந்தவறாமை: கடன் அறிக்கையில் ஒவ்வொரு கணக்கிற்கும் 36 மாதங்கள் வரையிலான தவணை வரலாறு மாதவாரியாகக் காட்டப்படும். தாமதமான நாட்களின் எண்ணிக்கை அதில் இடம்பெறும். நிலவரங்களை மாதத்தின் 15ஆம் நாளிலும் இறுதி நாளிலும் கணக்கிட்டு அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் விளைவு சிறிதன்று. 5ஆம் தேதி செலுத்த வேண்டிய தவணையை 20ஆம் தேதி செலுத்தியவரின் தாமதம், மாதத்திற்கு ஒருமுறை அனுப்பப்பட்ட காலத்தில் பதிவாகாமல் போயிருக்கலாம். இரு வாரத்திற்கு ஒருமுறை அனுப்பப்படுகையில், 15ஆம் தேதி நிலவரத்திலேயே அது தென்பட்டுவிடும்.

வரம்பில் சிறுபகுதியையே பயன்படுத்துதல்: கடன் அட்டையின் வரம்பு 50,000 ரூபாய் எனில், 45,000 ரூபாய் நிலுவை வைப்பது 90 விழுக்காட்டுப் பயன்பாடு ஆகும். முழுத்தொகையையும் உரிய நாளில் செலுத்துபவராயினும், இத்தகைய பயன்பாடு பணநெருக்கடியின் அறிகுறியாகக் கொள்ளப்படும். 15,000 ரூபாய்க்குள், அதாவது 30 விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொள்வது பொதுவான அறிவுரை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் தாமதம் பதிவாகாது. ஆனால் நிலுவை பெரிதாகக் குறையாது. அதன்மேல் உயர்ந்த வட்டியும் ஏறும்.

நீண்ட வரலாறு: பத்தாண்டுகளாகத் தவறின்றி நடக்கும் கணக்கு ஓராண்டுக் கணக்கைவிட வலுவான சான்று. ஆகவே நல்ல நிலையில் உள்ள பழைய கடன் அட்டையை முடித்துவிடுவது எப்போதும் நன்மை தருவதில்லை.

அடுத்தடுத்து விண்ணப்பிக்காமை: கடனுக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் வங்கி அறிக்கையைப் பெறுகின்றது, அது பதிவாகின்றது. குறுகிய காலத்தில் பல இடங்களில் விண்ணப்பித்தால் மதிப்பெண் குறையக்கூடும்.

பலவகைக் கடன்: வீட்டுக்கடன் போன்ற பிணையுள்ள கடனும், கடன் அட்டை போன்ற பிணையற்ற கடனும் சமநிலையில் இருப்பது உதவும். எனினும் மதிப்பெண்ணுக்காகவே தேவையற்ற கடன் வாங்குவது பொருளற்றது.

பதிவாகாத நாணயம்

நாணயம் என்னும் சொல் தமிழில் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கின்றது. சொன்ன சொல் தவறாதவருக்கு ஊரில் கடன் கிடைக்கும். ஆனால் அந்த நற்பெயர் கடன் அறிக்கையில் ஏறுவதில்லை. திருநெல்வேலி நகரத்திற்கு மேற்கே உள்ள பேட்டையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பேட்டை என்னும் சொல்லே ஊரை அடுத்து அமைந்த வணிகக் குடியிருப்பைக் குறிப்பதாகும். அங்கு இன்று சிட்கோ தொழிற்பேட்டை, அரசு தொழிற்பயிற்சி நிலையம், ம. தி. தா. இந்துக் கல்லூரி ஆகியவை உள்ளன.

இத்தகைய ஊரில் மொத்த வணிகரிடம் சரக்கைக் கடனாகப் பெற்று, முப்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் பணம் கட்டிவரும் கடைக்காரரை எண்ணிப் பார்க்கலாம். கைமாற்று, தெருவில் நடக்கும் சீட்டு, அடகுக்கடை ஆகியவற்றிலும் அவர் குறை வைத்ததில்லை. இவற்றுள் எதுவும் கடன் தகவல் நிறுவனத்தைச் சென்றடையாததால், அவருக்கு மதிப்பெண்ணே இல்லாதிருக்கலாம். அதே தெருவில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண் ஒருவர், நுண்கடன் நிறுவனத்தில் பெற்ற சிறு தொகையை ஒழுங்காகச் செலுத்தியிருந்தால் அவருக்கு நல்ல மதிப்பெண் இருக்கக்கூடும். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வழங்கப்படும் வங்கிக் கடனிலும், உறுப்பினர் வாரியான விவரங்களைத் திரட்டி அனுப்புமாறு ரிசர்வ் வங்கி 2016 ஜனவரியில் அறிவுறுத்தியது.

எனவே மதிப்பெண் இன்மையும் குறைந்த மதிப்பெண்ணும் ஒன்றல்ல. முன்னது சான்று இல்லை என்பதையும், பின்னது பாதகமான சான்று உண்டு என்பதையும் காட்டுகின்றது. கடன் வரலாறு இல்லை என்ற காரணத்திற்காக மட்டும் முதன்முறை விண்ணப்பிப்போரை மறுக்கலாகாது என ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6 நாளிட்ட வழிகாட்டுதலில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. வரலாறு இல்லாதவர், வைப்புத்தொகையைப் பிணையாகக் கொண்ட கடன் அட்டை அல்லது சிறிய நகைக்கடன் மூலம் அதனைத் தொடங்கலாம்.

மாணவர்களும் கல்விக் கடனும்

பல மாணவர்களுக்குக் கல்விக் கடனே முதல் கடன் ஆகும். இது பெரும்பாலும் பெற்றோருடன் இணைந்து பெறப்படுவதால், தவணை தவறினால் இருவரது அறிக்கையிலும் பதிவாகும். வழக்கமாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை செலுத்த வேண்டியதில்லை. ஆனால் வட்டி அக்காலத்திலும் சேரும். வேலை கிடைக்காத நிலையில், தவணை தொடங்கும் முன்பே வங்கியை அணுகிக் கால நீட்டிப்புக் கோருவது, தவறிய பின் அணுகுவதினும் மேலானது.

பொதுத்துறை வங்கிகளின் வேலைவாய்ப்பு அறிவிப்புகளில், பணியில் சேர்பவர் நல்ல கடன் வரலாறு உடையவராக இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை இடம்பெறுகின்றது. கடன் வரலாற்றில் குறை இருந்த ஒருவரின் பணியமர்வைப் பாரத ஸ்டேட் வங்கி நீக்கியதை, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. மறுபுறம், மாணவரின் குறைந்த மதிப்பெண்ணை மட்டும் காட்டிக் கல்விக் கடனை மறுக்கலாகாது எனக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது.

பரவலான தவறான கருத்துகள்

- தம் மதிப்பெண்ணைத் தாமே பார்த்தால் அது குறையும் என்பது தவறு. வங்கி பார்ப்பதும் தாம் பார்ப்பதும் வெவ்வேறாகக் கொள்ளப்படும்.
- நகை பிணையாக இருப்பதால் நகைக்கடன் மதிப்பெண்ணைப் பாதிக்காது என்பது தவறு. வங்கியில் வைத்த நகையை உரிய நாளில் மீட்கவோ புதுப்பிக்கவோ தவறினால் அது பதிவாகும்.
- பிணைக் கையெழுத்து வெறும் சாட்சி என்பது தவறு. கடன் பெற்றவர் தவறினால் பொறுப்பு பிணையாளரையும் சேரும்.
- வங்கியுடன் பேசிக் குறைந்த தொகைக்குக் கணக்கை முடித்தால் சிக்கல் தீரும் என்பது பாதி உண்மை. அக்கணக்கு முழுமையாக அடைக்கப்பட்டதாகக் காட்டப்படாது. சமரசம் செய்யப்பட்டது எனக் குறிக்கப்படும்.

பிழை திருத்தம்

2017 முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றி வழங்க வேண்டும். அடைத்த கடன் நிலுவையாகக் காட்டப்படுவதும், பெயர் ஒற்றுமையால் பிறர் கடன் சேர்வதும் நிகழ்வன. இத்தகைய பிழையைக் கண்டால் கடன் தகவல் நிறுவனத்திடமோ வங்கியிடமோ முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடில், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்கும் முறையை ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் அறிவித்தது. அது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் திட்டத்தின் கீழும் கொண்டுவரப்பட்டன.

பிழையான பதிவை இவ்வாறு நீக்கலாம். உண்மையான தவறு பற்றிய பதிவைக் கட்டணம் பெற்று நீக்கித் தருவதாகக் கூறுவோரால் அதனைச் செய்ய இயலாது. அதற்கு வழி, நிலுவையை அடைத்து, தொடர்ந்து தவறின்றிச் செலுத்திவருவதே ஆகும். புதிய நல்ல பதிவுகள் சேரச் சேர, பழைய தவற்றின் தாக்கம் குறைகின்றது.

இவற்றையும் பார்க்க

- இந்திய ரிசர்வ் வங்கி
- கல்விக் கடன்
- நுண்கடன்
- சுய உதவிக் குழு