சவுலின் ஈட்டியும் செசிலியாவின் சங்கமும்



நோயாளிக்கு இசை என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தாவீது. சவுல் அரசரை அலைக்கழித்த தீய ஆவி, அந்த இளைஞர் யாழ் மீட்டும்போதெல்லாம் விலகிப்போனது என்றும், அரசர் ஆறுதல் அடைந்தார் என்றும் சாமுவேல் முதல் நூல் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. மறைக்கல்வி வகுப்பில் பெரும்பாலும் அங்கேயே விவிலியத்தை மூடிவிடுகிறோம். இரண்டு அதிகாரம் தள்ளிப் படித்தால் அதே அரசர், அதே இளைஞர், அதே யாழ். ஆனால் இந்த முறை சவுல் ஈட்டியை எறிகிறார். 19ஆம் அதிகாரத்தில் மறுபடியும் எறிகிறார். தாவீது விலகிக்கொள்ள, ஈட்டி சுவரில் பாய்கிறது.

பொறாமைதான் காரணம் என்பது தெரிந்ததே. ஆனாலும் நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. நேற்று மருந்தாக இருந்த இசை இன்று அதே காதுக்குத் தாங்க முடியாததாகிவிடலாம். மனம் நொந்தவர் முன் பாடுவதை, குளிரில் ஒருவருடைய ஆடையைக் களைவதோடு நீதிமொழிகள் நூல் ஒப்பிடுகிறது. மருத்துவமனைகளுக்கு இசையைக் கொண்டுபோனவர்களின் வரலாற்றை இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

துருக்கியில் எதிர்னே என்னும் நகரில் சுல்தான் இரண்டாம் பயேசித் கட்டிய மருத்துவமனை 1488இல் முடிந்தது. குவிமாடக் கூடம், நடுவில் நீரூற்று, சுற்றிலும் நோயாளிகளின் அறைகள். பத்துக் கலைஞர்கள் வாரத்தில் மூன்று நாள் அங்கே வந்து பாடி வாசித்ததாக 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதியிருக்கிறார். அவர் சற்றுக் கூட்டிச் சொல்கிறவர்தான். ஆனால் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஓரிடத்தில் எழும் இசை எல்லா அறைகளையும் எட்டும்படிதான் அது அமைந்திருக்கிறது.

ஐரோப்பாவில் இந்தப் பேச்சைச் செவிலியர் ஒருவர் எடுத்தார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் செவிலியர் பணி பற்றி எழுதிய நூலில், சத்தம் குறித்தே ஓர் அதிகாரம் இருக்கிறது. நோயாளியின் அருகில் தேவையற்ற சத்தம் செய்வதை அவர் கொடுமை என்றே கருதினார். அதே அதிகாரத்தில்தான் இசையைப் பற்றியும் சொல்கிறார். இழைந்து நீளும் ஓசை, அதாவது மனிதக் குரல், குழல், நரம்புக் கருவிகள், நோயாளிக்கு நன்மை செய்கிறது. விட்டுவிட்டு ஒலிக்கும் பியானோ அப்படிச் செய்வதில்லை. இதைச் சொன்னவர் ஒரு வருத்தத்தையும் சேர்த்தே சொன்னார்: இசைக்கு ஆகும் செலவை நினைத்தால் அதை எங்கும் வழக்கமாக்க இயலாது.

அந்தச் செலவுக்கு விடை தேடினார் ஓர் ஆங்கிலிக்கன் குரு. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பணியாற்றிய ஃபிரெடரிக் ஹார்ஃபோர்டு, 1891இல் புனித செசிலியா சங்கம் என்ற ஒன்றை லண்டனில் தொடங்கினார். பெயர்த் தேர்வு அழகானது. செசிலியா இசைக்குப் பாதுகாவலியானது, அவர் ஏதோ கருவி வாசித்ததால் அல்ல. தம் திருமணத்தில் வாத்தியங்கள் முழங்கியபோது அவர் உள்ளத்துக்குள் ஆண்டவருக்குப் பாடினார் என்று மரபு சொல்கிறது. வெளியே ஆரவாரம், உள்ளே ஒரு பாட்டு. ஹார்ஃபோர்டு விரும்பியதும் ஆரவாரமற்ற இசைதான். வலியைத் தணித்து உறக்கம் வரவழைக்கும் மென்மையான பாட்டும் வயலினும். மருத்துவர் அழைத்தால் உடனே போகப் பயிற்சி பெற்ற கலைஞர்கள் காத்திருக்க வேண்டும். அத்துடன் லண்டன் நடுவே ஒரு பெரிய கூடம். அங்கே பகலிலும் இரவிலும் குறித்த மணிநேரங்களில் இசைப்பார்கள். அது தொலைபேசிக் கம்பி வழியாகப் பெரிய மருத்துவமனைகளின் வார்டுகளுக்குப் போய்ச் சேரும். தொலைபேசி பிறந்து அப்போது 15 ஆண்டுதான் ஆகியிருந்தது!

முதுமையில் இருந்த நைட்டிங்கேல் அம்மையார் ஆதரவு தந்தார். பணம் வரவில்லை. பத்திரிகைகள் ஐயத்தோடு எழுதின. ஹார்ஃபோர்டின் உடல்நிலையும் கெட்டது. சங்கம் மங்கி மறைந்தது.

கம்பி வழி இசை மறையவில்லை. 1895இல் லண்டனில் எலெக்ட்ரோஃபோன் என்ற நிறுவனம், நாடக அரங்கு இசையையும் ஆலய வழிபாட்டையும் தொலைபேசி வழியாக வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. முதல் உலகப் போரில் காயமடைந்த வீரர்கள் மருத்துவமனையில் அதன் கேட்புக்கருவியை மாட்டிக்கொண்டு கேட்டார்கள். வானொலி வந்ததும் அந்த நிறுவனம் 1925இல் மூடப்பட்டது. அதே ஆண்டு யார்க் நகர மருத்துவமனையில் 200 கட்டில்களுக்குக் காதில் மாட்டும் கருவியும், அவற்றோடு 70 ஒலிபெருக்கிகளும் பொருத்தினார்கள். இங்கிலாந்தின் மருத்துவமனை வானொலி அங்கே தொடங்கியது.

அமெரிக்காவில் இசைத்தட்டு அதற்கு முன்பே அறுவைக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. பென்சில்வேனியா மருத்துவர் எவன் ஓ'நீல் கேன், கத்தியையும் கருவிகளையும் பார்த்து நடுங்கும் நோயாளியின் கவனத்தைத் திருப்பக் கிராமபோன் வைத்துக்கொண்டதை 1914இல் மருத்துவ இதழில் எழுதினார். (இதே கேன் 1921இல் தம் குடல்வாலைத் தாமே அறுத்து எடுத்தவர். நோயாளியின் பயத்தைப் பற்றிப் பேச இவரைவிடத் தகுதியானவர் யார்?)

காதில் மாட்டும் கருவிக்கு ஒரு பெருமை உண்டு. வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம். அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கிறிஸ்மஸ் காலத்தில் நம் கேரல் குழு கித்தாரும் டிரம்முமாய் வார்டுக்குள் நுழையும்போது, கட்டிலில் கிடப்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? தலைவலியோடு புன்னகை செய்வார். போகும்போது நன்றியும் சொல்வார். நாமும் அவர் மகிழ்ந்தார் என்று திரும்பிவிடுவோம்.

ஆனால் இசைத்தட்டால் முடியாத ஒன்று, பாடுகிறவர் நேரில் வந்தால் முடியும். முகத்தைப் பார்க்கலாம். புருவம் சுருங்கினால் குரலைத் தாழ்த்தலாம், பாதியில் நிறுத்தலாம், பாடாமலேயே கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். வானொலியும் இசைத்தட்டும் எங்கும் கிடைத்த 1948இலும், பிரிட்டனில் கலைஞர்களை நேரில் அனுப்பவென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அது மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பாடகர்களை அனுப்பிவந்தது. எங்களைக் கேட்டால், தட்டும் வேண்டும், ஆளும் வேண்டும். உள்ளே போகுமுன் செவிலியரிடம் ஒரு வார்த்தை, கட்டிலருகே நோயாளியிடம் ஒரு வார்த்தை: “பாடலாமா? எந்தப் பாட்டு?” இவ்வளவு கேட்க நமக்கு அரை நிமிடம் ஆகாது.

அடுத்து ஒரு பாடல் ஒலிக்கப் போகிறது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களே, இன்று உங்களுக்குப் பாட்டு வேண்டாம் என்றிருந்தால் வானொலியை அணைத்துவிடுங்கள், நாங்கள் வருந்த மாட்டோம். கேட்க விரும்பினால், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டு சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.