கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம்: 50 சதவீதக் கணக்கு

நம் பார்க்கிங்கில் சில கார்களின் கண்ணாடி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. கேட்டால், "லைட் ஃபிலிம்தான் சார், 50 சதவீதம் அனுமதி உண்டு" என்கிறார்கள். அந்த 50 எங்கிருந்து வந்தது தெரியுமா?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதியிலிருந்து. முன், பின் கண்ணாடிகள் வெளிச்சத்தில் குறைந்தது 70 சதவீதத்தையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும் என்பது விதி. இது கண்ணாடிக்குச் சொன்ன கணக்கு. கடைக்காரர்கள் அதையே ஃபிலிமுக்குச் சொன்னதாக்கி விற்றார்கள். பி.காம். படித்தவன் என்பதால் ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன்: 70 சதவீதம் வெளிச்சம் விடும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால், உள்ளே வருவது 70இல் பாதி, அதாவது 35. விதி மீறியாயிற்று!

இதைத்தான் அவிஷேக் கோயங்கா என்பவர் பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். கறுப்புக் கண்ணாடிக் கார்கள் குற்றவாளிகளுக்கு மறைவிடமாகின்றன என்பது அவர் வாதம். 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பு வந்தது. எத்தனை சதவீதமானாலும் கண்ணாடியின் மேல் ஃபிலிம் ஒட்டவே கூடாது. போலீஸார் அபராதத்தோடு நிற்காமல் அதை உரித்தும் எடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. அமலுக்கு வந்தது மே 4, வழக்கமாக அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாள்! ஃபிலிம் தயாரிப்பாளர்கள் தீர்ப்பை மாற்றக் கேட்டார்கள். ஆகஸ்டில் அதுவும் தள்ளுபடியானது.

அதே ஆண்டு டிசம்பர் 16. டெல்லியில் ஒரு மாணவியைச் சிதைத்த அந்தப் பேருந்தில் கறுப்பு ஃபிலிமும் இருந்தது, திரையும் இருந்தது. தீர்ப்பு வந்து எட்டு மாதம் ஆகப்போகிறது. உரிக்க வேண்டியவர்கள் உரிக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

பிறகு விதி திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் முதல் அமலானது. அதை வைத்து, 70, 50 அளவு குறையாமல் தரச்சான்றுள்ள ஃபிலிம் ஒட்டலாம் என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி நீங்கள் ஒட்டிக்கொள்ள வேண்டாம். செங்கம் ரோட்டில் காரை நிறுத்தும் போலீஸ்காரரிடம் கேரளத் தீர்ப்பை வாதாட முடியாது.

நம் ஊர் வெயிலுக்கு என்ன செய்வது என்பீர்கள். தொழிற்சாலையிலேயே லேசான பச்சை நிறத்தில் வரும் கண்ணாடி, அளவுக்குள் இருந்தால் தவறில்லை. நிறுத்தியிருக்கும்போது உள்ளே மடக்குத் திரை வையுங்கள், வண்டி ஓட்டும்போது எடுத்துவிடுங்கள்.

ஃபிலிமை உரிக்க மெக்கானிக் தேவையில்லை. காரை வெயிலில் நிறுத்துங்கள், அல்லது ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். ஒரு மூலையில் நகத்தால் கிளப்பி, மெதுவாக இழுங்கள். மீந்த பசையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைக்கலாம். பின் கண்ணாடியில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அங்கே மட்டும் பிளேடு வேண்டாம். அவை பனி நீக்கும் மின்கம்பிகள். அறுந்தால் கண்ணாடியையே மாற்றச் சொல்வார்கள்.