அயலானிடம் கேட்ட கேள்வி

தெரியாததைப் பிறரிடம் கேட்டறிவது மனித இயல்பு. ஆனால் யாரிடம் கேட்கலாம், எதைக் கேட்கலாம் என்பவை இயல்பினால் அமைவன அல்ல. சமுதாய அமைப்பு அவற்றைத் தீர்மானிக்கிறது. உடம்புக்கு வந்த நோய்க்கு என்ன செய்வது, தலைமேல் ஏறிய கடன் நியாயமானதுதானா, கணவன் குடித்துவிட்டு அடிக்கும்போது மனைவி பொறுத்திருப்பது தருமமாகுமா என்பன போன்ற கேள்விகளை முகமறியாத ஒருவரிடம் மனந்திறந்து கேட்பது இன்று எளிய காரியமாகத் தோன்றலாம். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அது எளிய காரியமாக இருந்ததில்லை. அயலானோடு பேசுவதே அங்கு ஒரு காலத்தில் குற்றத்துக்கு அடுத்தபடியாகக் கருதப்பட்டது. அந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து இம்மலைகளுக்கு வந்த மக்கள் தனித்தனி மனிதர்களாக வரவில்லை; கங்காணியின் கீழ்க் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். கங்காணி பெரும்பாலும் அவர்களுடைய ஊரவன். பல சமயங்களில் உறவினன். அவனே ஆள் சேர்த்தவன்; வழிச்செலவுக்குக் கடன் கொடுத்தவன்; தோட்டத்தில் வேலை வாங்கியவன்; லயத்தில் வழக்குத் தீர்த்தவன். இவ்வளவும் ஒரே மனிதனாக இருக்கும்போது அவனிடம் எந்தக் கேள்வியைக் கேட்க முடியும்? 'என் கடன் எவ்வளவு?' என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவனே அந்தக் கடனால் பிழைப்பவனாக இருந்தான். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவனுடைய கடன் தொகை குறிக்கப்பட்ட 'துண்டு' கைக்கு வரவேண்டும். அத்துண்டோடு அவனுடைய கடனும் கைமாறியது. கடனோடு மனிதனும் கைமாறினான். 1921ஆம் ஆண்டில் இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் அது வளர்த்துவிட்ட மௌனம் அவ்வளவு விரைவில் ஒழியவில்லை.

கங்காணிக்கு மேலே துரை இருந்தார். துரைமார் தமிழ் கற்பதற்கென்று எழுதப்பட்ட கைந்நூல்களின் பெயர்களே நமக்கு நல்ல சான்றாகின்றன. கொழும்பில் அச்சான ஒரு நூலின் பெயர் 'இங்கே வா'. அது சின்னத்துரையின் சட்டைப்பைக்கு ஏற்ற வழிகாட்டி. 1915இல் வெல்ஸ் என்பவர் வெளியிட்ட மற்றொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. சங்கச் சான்றோர் பாடிய மொழி, வள்ளுவர் எழுதிய மொழி, மலையேறி வந்ததும் 'இங்கே வா' என்ற ஏவல் வினையாகச் சுருங்கிப் போனதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏவலுக்குக் கீழ்ப்படியலாம், அதனோடு உரையாட இயலாது. காலையில் தப்பு முழங்கியதும் பெரட்டுக் களத்தில் நின்று, பெயர் கூப்பிட்டதும் மலைக்குப் போக வேண்டிய மனிதனுக்குக் கேள்வி கேட்கும் இடம் எதுவும் அந்த மொழியில் ஒதுக்கப்படவில்லை.

நோயின் விஷயத்தில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரிந்தது. மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்தார்கள், அம்மை குத்தினார்கள், தகரச் சீட்டைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். 1916ஆம் ஆண்டில் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. இரத்தத்தை உறிஞ்சி உடலைச் சோகை பிடிக்கச் செய்யும் அப்புழு, மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியாக உட்புகுகிறது. மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. ஆனால் மலசலகூடங்கள் கட்டுவதற்குத் தோட்ட முதலாளிகள் காசு செலவழிக்கத் தயங்கினார்கள். ஆகவே குணமான மனிதன் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தான், மீண்டும் நோயாளியானான். புழு எங்கிருந்து வந்தது, ஏன் திரும்ப வருகிறது என்று தொழிலாளி கேட்டிருந்தால் விடை லயத்தின் பின்புறத்தில் போய் நின்றிருக்கும். மருந்தை விழுங்கு என்று சொன்ன அமைப்பு, கேள்வியை மட்டும் விரும்பவில்லை.

இவ்வாறு மூடிக் கிடந்த மலைக்குள் ஓர் அயலான் நுழைந்தான். தஞ்சாவூரிலிருந்து வணிகர் சங்க அலுவலாக இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர், தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரில் காண விரும்பினார். தோட்டம் தனியார் சொத்து. அனுமதியின்றி உள்ளே வருபவன் அத்துமீறியவனாவான். எனவே அவர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டார். துணி மூட்டையோடு லயத்துக்கு வரும் வியாபாரியை எவரும் தடுப்பதில்லை. மூட்டையை அவிழ்த்து விலை சொல்லும் சாக்கில் சம்பளம் என்ன, அரிசி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அவர் கேட்டார். தம் கங்காணியிடம் சொல்ல முடியாததை மக்கள் அந்த அயலானிடம் சொன்னார்கள். இதில் வியப்பதற்கொன்றுமில்லை. அவனுக்கு அவர்கள் கடன்பட்டிருக்கவில்லை. அவர்களுடைய பேர் போடும் அதிகாரம் அவன் கையில் இல்லை. அவன் அயலான் என்பதே அவனிடம் வைத்த நம்பிக்கைக்குக் காரணமாயிற்று.

பின்னர் நடேசய்யர் இலங்கையிலேயே தங்கி, 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்று, 1947 வரை அங்கு தொழிலாளருக்காக வாதாடினார். லயத்தின் இருட்டில் கிசுகிசுக்கப்பட்ட குறை அச்சேறிப் பலர் கண்ணில் பட்டபோது, ஒருவனின் குறையாக இருந்தது ஒரு வர்க்கத்தின் குறையாயிற்று. டிக்கோயாவில் உள்ளவனைத் தலவாக்கலையில் உள்ளவன் கண்டதில்லை. எனினும் இருவர் கழுத்தையும் அறுத்த கயிறு ஒன்றே என்பதை இருவரும் உணர்ந்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களை எட்டிய பெருமை அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையாரைச் சாரும். அவர் கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடினார். தாமும் பாடல்கள் புனைந்தார். 1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிகளாக இருந்த இந்தியர் பலர் வேலையிழந்த வேளையில், எதிர்காலத்தைப் பற்றிய அச்சம் தோட்டங்களிலும் பரவியது. 1940இல் வெளிவந்த அவருடைய 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் சிறு நூல் அந்த அச்சத்துக்குப் பாட்டிலே விடை தேடியது. மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சி கட்டி லாவணி பாடிய தமிழ்நாட்டுக் கிராமத்தாரின் வழிவந்த மக்களுக்குப் பாட்டினால் வாதிப்பது புதிதன்று. வாதத்தின் பொருள்தான் புதிது. மன்மதனின் இடத்தில் இப்போது அவர்களுடைய சொந்த வாழ்க்கை இருந்தது.

அயலானின் பேச்சுக்கு ஆட்சியாளர் எவ்வளவு அஞ்சினர் என்பதை 1937ஆம் ஆண்டு காட்டியது. ஆஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர், மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் தொழிலாளரோடு நெருங்கிப் பழகியதால் வேலையை இழந்தார். பின்னர் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில், கமலாதேவி சட்டோபாத்தியாயா கலந்துகொண்ட கூட்டத்தில் அவரும் பேசினார். துரைமாரின் இனத்திலிருந்தே ஒருவர் தொழிலாளரின் பக்கம் வந்து நின்று பேசியதைத் தோட்ட முதலாளிகளால் பொறுக்க முடியவில்லை. அவரை நாடுகடத்தத் தேசாதிபதி உத்தரவிட்டார். அவரோ தலைமறைவானார், மே 5ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் பெருங்கூட்டத்தின் முன் தோன்றினார். கருத்துச் சொன்னதற்காக ஒருவரை நாடுகடத்த முடியாது என்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இந்நாட்டில் பேச்சுரிமையைக் காத்த பெரிய வழக்கொன்று, தேயிலை மலையில் ஓர் அயலான் தொழிலாளரோடு பேசியதிலிருந்து பிறந்தது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான பின்னர், அவ்வாண்டிலேயே தோட்ட முதலாளிகள் சங்கங்களோடு ஏழம்ச உடன்பாட்டுக்கு வந்தனர். கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்தான். ஆனால் 1948இல் பிரசாவுரிமையும், அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயின. 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது. போவதா, இருப்பதா? ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் கேட்கக்கூடிய கேள்விகளில் இதனினும் பெரியது உண்டா? இரு நாட்டுத் தலைவர்களும் இக்கேள்விக்குரியவர்களைக் கேளாமலே விடை எழுதினார்கள். அந்த 1960களில் 'வீரகேசரி'யின் 'தோட்ட மஞ்சரி' பகுதியும், மலைநாட்டு எழுத்தாளர்களின் கதைகளும் செய்த பணியை நாம் இலக்கியப் பணியாக மட்டும் காண்பது போதாது. லயத்து மனிதன் தன் கேள்வியை வெளியுலகின் முன் வைத்த மேடைகள் அவை.

இன்று கங்காணியின் கடன் ஏடு இல்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம் பிரசாவுரிமைச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. லயத்துக் காம்பராவிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. கொழுந்தெடுத்துத் திரும்பிய பெண், கண்ணால் காணாத ஒருவரிடம் தன் மாதவிலக்கு நோயைப் பற்றிக் கேட்கிறாள். நுண்கடனின் வட்டியைப் பற்றிக் கேட்கிறாள். வெளிநாட்டு வேலைக்கு மகளை அனுப்பலாமா என்று கேட்கிறாள். வீட்டுக் கதையை வெளியாருக்குச் சொல்வது மானக்கேடு என்று பெரியவர்கள் சிலர் வருந்துகிறார்கள். அவர்களுடைய வருத்தத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஒரு சுவருக்கு மறுபுறம் அடுத்த குடும்பம் வாழும் லயத்தில், மானம் ஒன்றே அவர்கள் காத்துக்கொள்ளக்கூடிய தனியறையாக இருந்தது. ஆனால் அந்த மானத்தின் பெயரால் அடியையும் நோயையும் கடனையும் மௌனமாகச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. பெயர் சொல்லாமல் கேட்கும் வசதி அவர்களுக்கு முதன்முதலாக வாய்த்திருக்கிறது. அதைப் பறிக்க நமக்கு உரிமையில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அன்று ஒரு போராளி வியாபாரியின் வேடத்தில் வந்தார். இன்று வியாபாரிகள் நலம்விரும்பிகளின் வேடத்தில் வருகிறார்கள். நோயைக் கேட்டவளிடம் மருந்தை விற்கிறார்கள். கடனைக் கேட்டவளுக்கு மற்றொரு கடனைக் காட்டுகிறார்கள். வேலையைக் கேட்டவளின் பெயரைத் தரகனிடம் சேர்க்கிறார்கள். அயலான் மேல் மக்கள் வைத்த நம்பிக்கைக்கு, அவனுக்கு அவர்களால் ஆதாயமில்லை என்பதே அடிப்படை என்று மேலே கண்டோம். அந்த அடிப்படை இல்லாத இடத்தில் அயலானும் கங்காணியே. அவனுடைய கடன் ஏடு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே வேறுபாடு.

ஆகவே, கேட்காதே என்று நம் மாணவர்களுக்குப் போதிப்பது தீர்வாகாது. நூறாண்டு மௌனத்தை நாமே மீண்டும் அழைத்து வருவதாகவே அது முடியும். விடை சொல்பவனை நோக்கி மேலும் ஒரு கேள்வி கேட்கப் பழக்க வேண்டும். இவ்விடையால் உனக்கு என்ன கிடைக்கிறது? நீ சொல்வதை வேறு யார் ஒப்புகிறார்கள்? தவறானால் யார் பொறுப்பு? இக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்த பிள்ளையை எந்தக் கங்காணியும் ஏமாற்ற முடியாது. அத்தோடு நம் கடமையும் ஒன்று இருக்கிறது. ஆசிரியரும், மருத்துவத் தாதியும், சங்கப் பணியாளரும், வாசிகசாலை இளைஞரும் ஆதாயம் கருதாது விடை சொல்ல முன்வர வேண்டும். அவர்கள் வாய் திறவாதிருந்தால், விடை சொல்லும் இடம் வெறுமையாக இராது. மூட்டை சுமந்த வேறொருவன் அங்கு வந்து அமர்வான். அவன் மூட்டையில் இருப்பது என்னவென்று அவிழ்த்துப் பார்க்கும் துணிவையாவது நம் வகுப்பறைகள் கொடுத்தாக வேண்டும்.