கரடிக்குப்பத்திலிருந்து வட்டியூர்க்காவு வரை

டெக்னோபார்க் வந்த பிறகு கழக்கூட்டம் என்றாலே ஐடி என்று ஆகிவிட்டது. பழைய ஆட்களைக் கேட்டால் 1962ல் தொடங்கிய சைனிக் பள்ளியையும், பக்கத்தில் பள்ளிப்புறத்தில் இருக்கும் சிஆர்பிஎஃப் முகாமையும்தான் முதலில் சொல்வார்கள். துப்பாக்கியைப் பார்த்துப் பழகிய ஊர் இது. நான் விழுப்புரத்துக்காரன். எனக்கு இருபது வருடமாகத் தெரிந்த ஒரே துப்பாக்கி, வங்கிக் கிளை வாசலில் கன்மேன் வைத்திருக்கும் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல்தான். அதையும் அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதியை நினைவில் வைத்துக்கொள்வது மட்டும்தான் எனக்கும் அதற்குமான உறவு.

மூன்று வருடங்களுக்கு முன் மாற்றலாகி இங்கே வந்ததும் எட்டாவது படிக்கும் மகள் பள்ளித் தோழியைப் பார்த்து ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தாள். கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வரும் நேரத்தில் சும்மா உட்காருவானேன் என்று நானும் சேர்ந்தேன். விஷயம் ஊரில் அம்மாவுக்குத் தெரிந்ததும் போனில் ஒரே பிடி. "பொம்பளப் புள்ள கையில துப்பாக்கியக் குடுத்திருக்கியே, உனக்கு அறிவு இருக்கா? வாஞ்சிநாதன் மாதிரி யாரையாவது சுடப் போறாளா?" என்றார்.

சிரிப்பு வந்தாலும் யோசிக்க வைத்த கேள்வி. நம்மிடம் பிஸ்டல் என்று சொன்னால் நூறு வருடங்களுக்குப் பிறகும் முதலில் மணியாச்சிதான் நினைவுக்கு வருகிறது. விடுமுறைக்கு அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும் நம் குடும்பங்கள் எல்லாம் வாஞ்சி மணியாச்சி வழியாகத்தான் போகிறோம். பிள்ளைகள் போர்டைப் பார்த்து யார் அந்த வாஞ்சி என்று கேட்டால் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுவோம். பிஸ்டல் பயிற்சி என்ற பக்கத்திலிருந்து அந்தக் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1911 ஜூன் 17. மணியாச்சி சந்திப்பில் நின்றிருந்த முதல் வகுப்புப் பெட்டியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வாஞ்சிநாதன் ஏறி அவரைச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தன் வாய்க்குள் சுட்டுக்கொண்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். இவ்வளவும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நாம் அதிகம் கவனிக்காத ஒன்று, வாஞ்சி அப்போது திருவிதாங்கூர்க்காரர். அவருடைய செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு (பிறகு திருவிதாங்கூர்–கொச்சியோடு) இருந்த ஊர். அவர் வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். அதாவது வேலைக்காக ஊரைவிட்டு வந்த சர்க்கார் ஊழியர். நம்மைப் போல என்று சொன்னால் அடிக்க வருவீர்கள் :-)

புனலூரில் வனத்துறை வேலை பார்த்தவர் பிஸ்டல் சுட எங்கே கற்றுக்கொண்டார்? லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனார். லண்டனிலிருந்து தப்பி 1910ல் அங்கே வந்து சேர்ந்த வரகனேரி வ.வே.சு. ஐயர்தான் வாத்தியார். பயிற்சி நடந்த இடம் என்று கரடிக்குப்பத்தைச் சொல்வார்கள். ஏன் புதுச்சேரி? அது பிரெஞ்சுக்காரர் மண். பிரிட்டிஷ் இந்தியாவில் 1878ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, வெள்ளைக்காரனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே வருடம், அதே லிட்டன். அஹிம்சை பேசிய காந்தியே இந்த ஆயுதச் சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிக மோசமான காரியங்களில் ஒன்றாகக் கண்டித்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் லண்டனில் காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் சுட்டுப் பழகலாம். 1909 ஜூலை 1 அன்று கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்ற மதன்லால் திங்ரா, டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இருந்த ஒரு கேளிக்கை நிலையத்தின் ரேஞ்சில்தான் மாதக்கணக்கில் பழகினார். அன்று மாலைகூட அங்கே போய்ச் சுட்டுவிட்டுத்தான் போனார் என்பது வழக்கு விசாரணையில் வந்த சாட்சியம். ராஜ்ஜியத்தின் தலைநகரத்தில் பொழுதுபோக்காக இருந்தது, திருநெல்வேலியில் குற்றம்.

என்னை உறுத்தும் இன்னொன்றும் உண்டு. ரயில் பெட்டிக்குள் ஆஷுக்கும் வாஞ்சிக்கும் நடுவே எத்தனை அடி இருந்திருக்கும்? அந்தத் தூரத்தில் குறி பார்க்கவே தேவையில்லை. அப்படியானால் கரடிக்குப்பத்துப் பயிற்சி எதற்கு? கை நடுங்காமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன். (வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் சனாதனத்தைப் பற்றிப் பேசுகிறது, அதை வைத்து அவரை எப்படி எடைபோடுவது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கும் அந்தக் கடிதத்தில் மனத்தாங்கல் உண்டு. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.)

சுதந்திரம் வந்தது. சட்டம் உடனே போகவில்லை. 1959ல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றி 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இன மதத்தால் வேறுபாடு காட்டும் பேச்சு இதில் இல்லை, ஆனால் லைசென்ஸ் என்ற பூட்டு அப்படியே தொடர்ந்தது. (குடகு மக்களுக்கு மட்டும் இன்றும் விலக்கு உண்டு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள்.) 9 எம்எம் பிஸ்டல் தனியாருக்குக் கிடையாது. 1980களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சாதாரண ஆள் இறக்குமதி செய்யவும் வழியில்லை, பெயர் பெற்ற போட்டியாளர்களுக்கு மட்டும் அனுமதி. தேசிய ரைபிள் சங்கம் 1951லேயே உருவாகிவிட்டது, முதல் மக்களவை சபாநாயகர் மாவலங்கர் முன்னின்று அமைத்தது. ஆனாலும் பல வருடங்கள் இந்த விளையாட்டு ராஜா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ராணுவம், போலீஸ்காரர்களுக்கும்தான். பிகானேர் மகாராஜா கர்ணி சிங் பெயரில் டெல்லி ரேஞ்ச் இருப்பது சும்மா இல்லை. குமாஸ்தா வீட்டுப் பிள்ளை எங்கே போவது?

கதவைத் திறந்தது ஏர் பிஸ்டல். 1896 ஏதென்ஸிலேயே பிஸ்டல் போட்டி உண்டு, ஆனால் பெண்களுக்கென்று தனிப் பிஸ்டல் பந்தயம் ஒலிம்பிக்ஸில் வந்தது 1984ல்தான். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஆண், பெண் இருவருக்கும் வந்தது 1988 சியோலில். வெடிமருந்து இல்லை, சத்தம் இல்லை, மொட்டை மாடி ஹாலில்கூட ரேஞ்ச் போடலாம். நம் ஊர் விதிப்படி 4.5 எம்எம் குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் இருந்தால் லைசென்ஸும் தேவையில்லை. சட்டம் துப்பாக்கி என்று முழுசாக மதிக்காத ஒன்றுதான் நம்மைப் போன்றவர்களை உள்ளே விட்டது.

இனி பயிற்சியைப் பற்றி. வட்டத்தின் நடுவில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அதைப் பத்து மீட்டர் தள்ளி நின்று ஒரே கையில், ஒரு கிலோ கனமுள்ள பிஸ்டலைப் பிடித்து, 75 நிமிடத்தில் 60 முறை. இன்னொரு கை பாக்கெட்டில். டிரிகர் எடை குறைந்தது 500 கிராம். வீட்டில் துப்பாக்கி இல்லாத நாட்களில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்து நிற்பேன், மனைவி குழம்பில் உப்புப் பார்க்கிறாயா என்பாள். பெல்லட் போடாமல் வெறும் டிரிகரை இழுத்துப் பழகுவது இன்னும் முக்கியம். ஒன்றும் நடக்காத அந்த வேலையை இருநூறு முறை செய்யப் பொறுமை வேண்டும், லெட்ஜர் பார்த்துப் பழகிய எனக்கு அது பரவாயில்லை.

கண்தான் பெரிய பாடு. குறி வைக்கும்போது பார்க்க வேண்டியது வட்டத்தை அல்ல, குழல் முனையில் இருக்கும் முன் சைட்டை. அது கூர்மையாகத் தெரிய வேண்டும், வட்டம் மங்கலாக இருந்தால் போதும். நாற்பதைத் தாண்டியவனுக்குக் கை நீளத்தில் இருப்பதுதான் மங்கல்! அதற்கென்று சின்ன பவர் லென்ஸ் ஒன்று போட்டு ஓட்டுகிறேன். மகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கை நடுக்கமும் எல்லோருக்கும் உண்டு. நடுங்காமல் நிறுத்தப் பார்க்காதே, ஆடட்டும், ஆடும்போதே மெதுவாக இழு என்பார் எங்கள் கோச். வாஞ்சிக்கு வாத்தியார் என்ன சொல்லியிருப்பார் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

புதுப் பிஸ்டலைக் கையில் எடுத்துப் பார்ப்பது தனி சந்தோஷம். ரேஞ்சில் யாராவது புதிதாக வாங்கினால் போதும், பத்து ஷாட் கொடுங்கள் என்று வரிசையில் நிற்போம். ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிஸ் மோரினி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் எல்லாம் தொட்டுப் பார்த்தாயிற்று. ஸ்டெயரில் உதைப்பை விழுங்க உள்ளேயே ஓர் அமைப்பு இருக்கிறது, சுட்டது கைக்கே தெரியாது. மோரினியில் ஒரு வகைக்கு எலக்ட்ரானிக் டிரிகர், கண்ணாடித் துண்டு உடைவதுபோல் சுத்தமாக விழும். ஆனால் என் அனுபவத்தில் மார்க்கை விட மரப்பிடிதான் முக்கியம். நல்ல பிஸ்டல் தப்பான பிடியோடு வந்தால் இரவல் செருப்பு மாதிரிதான். அரம், மரப்பசை எல்லாம் எடுத்து உள்ளங்கைக்குத் தக்கபடி செதுக்கிக்கொள்பவர்கள் உண்டு.

பழைய பிஸ்டல்கள் சில கார்பன் டை ஆக்சைடில் ஓடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒன்றைப் பார்த்தேன். அந்த வாயுவின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் 72 பார். நம் கழக்கூட்டத்து வெயிலில் காலையில் ஓர் இடத்தில் விழும் பெல்லட் மத்தியானம் வேறு இடத்தில் விழும். இப்போது வருவதெல்லாம் 200 பார் காற்றை அடைத்த சிலிண்டர், ரெகுலேட்டர் வைத்து ஒரே சீராக விடும். அந்தச் சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் ஆயுள். பழையது வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

கருவி எவ்வளவு நல்லதானாலும் காலை வாரலாம். 2021 டோக்கியோவில் மனு பாக்கரின் பிஸ்டலில் நெம்புகோல் உடைந்தது, சரிசெய்வதற்குள் நேரம் போனது, இரண்டு புள்ளியில் இறுதிச்சுற்று தவறியது. 2024 பாரிஸில் அவர் வாங்கிய இரண்டு வெண்கலம் எல்லோருக்கும் தெரியும். அவர் முதலில் நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தது இங்கேதான் என்பது கழக்கூட்டத்தில் இருக்கும் நம்மில் பலருக்கே தெரியாது. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக (அதன் தொடக்க விழா நம் காரியவட்டம் ஸ்டேடியத்தில் நடந்தது) வட்டியூர்க்காவில் ரேஞ்ச் கட்டினார்கள். அங்கே 2017 டிசம்பரில் 61வது தேசிய துப்பாக்கி சுடும் போட்டி. பதினைந்து வயதுப் பெண், ஒன்பது தங்கம். இறுதிச்சுற்றில் 242.3 புள்ளி, ஹீனா சித்துவின் 240.8 சாதனை போனது. புனலூரிலிருந்து ஒருவர் பிஸ்டல் பழகப் பிரெஞ்சு எல்லைக்கு ஒளிந்து போன இதே தெற்குச் சீமையில் நடந்தது இது.

நம் குடும்பங்களுக்கென்று ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. பிள்ளை எந்த மாநிலத்துக்குச் சுடுவது? எங்கள் வீட்டில் இந்த வருடம் முழுக்க இதுதான் பேச்சு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சிறு வயதில் குடும்பத்தோடு குஜராத் போனார், குஜராத்துக்காகச் சுட்டே உலகக் கோப்பைத் தங்கம் வரை வந்தார் (அவருடையது ரைபிள்). சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங்கும் அப்படித்தான். எனக்கு எப்போது மாற்றல் வரும் என்று தெரியாது. தமிழ்நாட்டில் பதிந்தால் ஒவ்வொரு போட்டிக்கும் ரயில் ஏற வேண்டும். கேரளத்தில் பதிந்தால் என் மாமனார் வருத்தப்படுவார். மகள் கேரளம் என்றாள், இங்கேதானே பயிற்சி எடுக்கிறேன் என்று காரணமும் சொன்னாள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மா போன மாதம் இங்கே வந்தபோது ரேஞ்சுக்குக் கூட்டிப் போனோம். ஒரு மணி நேரம் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ நேரம் வாயத் தெறக்காம நிக்கிறாளே, வீட்டுல இப்படி இருந்தா என்ன" என்றார். அதற்குப் பிறகு வாஞ்சிநாதன் பேச்சு எழவில்லை.

விவரம் கேட்ட நண்பர்களுக்கு: முதல் ஆறு மாதம் எதுவும் வாங்க வேண்டாம், கிளப் பிஸ்டலே போதும். புதிது வாங்கினால் இரண்டு லட்சத்துக்கு மேலும் கீழுமாக ஆகும், அதைக் கிரெடிட் கார்டில் போடாதீர்கள் (இது வங்கிக்காரன் பேச்சு). வீட்டில் வைத்தால் பூட்டு அவசியம், லைசென்ஸ் தேவையில்லை என்பதால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. காலை ஆறரைக்கு வந்தால் வெயிலுக்கு முன் அறுபது ஷாட் முடித்துவிடலாம். என் மதிப்பெண் இன்னும் 520ஐத் தாண்டவில்லை, மகள் 548.